கியர் மாறாத மலைப்பாதை: கோட்டுவாத்தியத்தை ரசிப்பது எப்படி?

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையில் ஜீப்பைத் தவிர வேறு வண்டி தாங்காது. போன மழைக்காலத்தில் அந்தக் கல் பாதையில் குலுங்கிக்கொண்டே போகும்போது, வண்டியின் ஸ்பீக்கரில் ஒரு கோட்டுவாத்தியத் தோடி ஆலாபனையைப் போட்டேன். ஓட்டிய தம்பி எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். சபா பக்கம் ஒருநாளும் போனதில்லை. நாலைந்து வளைவு தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அண்ணே, இது என்ன வாத்தியம்? கியர் மாத்துற சத்தமே கேக்கலையே!"

வருஷக்கணக்கில் நான் படித்த கச்சேரி விமர்சனங்களில் இந்த ஒரு வரி இருந்ததில்லை. "குரலைப் போலவே இழைந்தது" என்று எழுதிவிட்டு அடுத்த வயலின் கச்சேரிக்குப் போய்விடுகிறார்கள். படிக்கிறவரும், இது நமக்குப் புரியாத பெரிய விஷயம் போலிருக்கிறது என்று ஒதுங்கிக்கொள்கிறார். கர்நாடக இசையில் கோட்டுவாத்தியத்தைப் போல நெருங்கிவந்து பேசுகிற வாத்தியம் வேறில்லை என்பது என் கட்சி. அதை விட்டு மக்கள் விலகி நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பார்வைக்கு வீணை மாதிரி: குடம், தண்டி, பிருடை எல்லாம் உண்டு, விரல் நிற்பதற்கான மெட்டுகள் மட்டும் கிடையாது. தரையில் கிடத்தி வைத்து, வலக்கையால் மீட்டி, இடக்கையில் ஒரு உருளையைப் பிடித்துத் தந்திமேல் ஓட்டுவார்கள். உருளை கருங்காலியாக இருக்கலாம், கொம்பாக இருக்கலாம், இந்தக் காலத்தில் டெஃப்லானாகவும் இருக்கலாம். 'கோடு' என்றால் கொம்பு, மரக்கிளை. பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். ராகம் வாசிக்க மேலே 6 தந்தி, தாளத்துக்கு 3, இவற்றுக்குக் கீழே தொடாமலே அதிரும் தந்திகள் 11 அல்லது 12. இவ்வளவு தெரிந்தால் போதும்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம். இழுப்பு வேறு, வழுக்கல் வேறு. இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

வீணையில் ஸ்வரத்தை அசைக்கும் கமகம் பெரும்பாலும் இழுப்பு. விரல் ஒரு மெட்டில் நின்று தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறது. தந்தியின் நீளம் மாறுவதில்லை, இறுக்கம் ஏறுகிறது. அதனால் ஸ்வரம் மேலே போகப் போக நாதத்திலும் ஒரு விறைப்பு ஏறும். கயிற்றை இழுத்துக் கட்டும்போது வரும் விறைப்பு அது. வீணைக்கு அதுதான் அழகு, குறையாகச் சொல்லவில்லை. கோட்டுவாத்தியத்தில் இறுக்கம் மாறாது, நீளம்தான் மாறும். உருளை நகர்ந்தால் ஸ்வரம் நகரும், நாதத்தின் உடம்பு அப்படியே இருக்கும். ஜீப் ஓட்டிய தம்பி கேட்டது இதைத்தான். ஏற்றம் இருக்கிறது, திணறல் இல்லை.

தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓர் இடத்தில் நிற்கிற ஸ்வரம் இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டே தன் பெயரைச் சொல்லும். வீணைக்காரர் ரிஷப மெட்டிலிருந்தே இழுத்து இதைக் கொண்டுவந்துவிடுவார். மெட்டு அவருக்கு ஒரு கைப்பிடி. கோட்டுவாத்தியக்காரருக்குக் கைப்பிடி கிடையாது. உருளை வெறும் தந்தியில் போய்த் திரும்ப வேண்டும். எங்கே திரும்புவது என்று காதைத் தவிர வேறொன்றும் சொல்லாது.

கணக்காகவே பாருங்கள். தந்தி 80 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், திறந்த தந்தியின் ஷட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். மேல் ஸ்தாயி ஷட்ஜம் சரிபாதியில், 40-இல். அங்கிருந்து அதே ரிஷபத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர்தான். மேலே போகப் போக வீதி குறுகுகிறது, கையில் இருக்கும் உருளையோ அதே பருமன். மேல் ஸ்தாயியில் ஒரு தோடி காந்தாரம் சுத்தமாக வந்து நின்றால், அந்த ஒரு நொடிக்கே எழுந்து நின்று கும்பிடத் தோன்றும் எனக்கு.

இந்த வித்தியாசம் வாத்தியத்தைச் செய்கிற பட்டறை வரைக்கும் போகிறது. பல வருஷங்களுக்கு முன் தஞ்சாவூரில் ஒரு வீணைப் பட்டறையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். அங்கே வீணைக்குப் பலாமரம்தான். பண்ருட்டிப் பலா என்றால் தனி மதிப்பு. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அன்றைக்கு அங்கே ஒரு பெரிய வித்வானுக்காகக் கோட்டுவாத்தியம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஆசாரி அளவெடுக்கும் முன் கேட்டு வைத்திருந்தவை மூன்று: வாசிக்கிறவருக்கு எத்தனை கட்டை சுருதி? உருளை என்ன கனம்? வாத்தியம் எந்த ஊரில் இருக்கப்போகிறது?

மூன்றுக்கும் காரணம் உண்டு. சுருதி தெரிந்தால்தான் தந்தியின் பருமனும் நீளமும் முடிவாகும். உருளை கனமாக இருந்தால் நாதம் நீண்டு நிற்கும், ஆனால் துரிதத்தில் கை தாமதிக்கும். லேசாக இருந்தால் ஓடும், ஆனால் நாதம் சீக்கிரம் தேயும். அந்தக் கனத்துக்கு ஏற்றபடி தந்தியைத் தூக்கிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தும்போது தந்தி தாழ்ந்து சுருதி பிசகும். ஊரைக் கேட்பது மரத்துக்காக. எங்கள் சூரியநெல்லி வீட்டில் பழைய வீணை ஒன்று இருக்கிறது. ஜூன் பிறந்தால் பிருடை இறுகி அசைய மறுக்கும், ஜனவரி வறட்சியில் நழுவும். மூடுபனி ஊருக்குச் செய்யும் வாத்தியமும் வெயில் ஊருக்குச் செய்யும் வாத்தியமும் ஒன்றாக இருக்க முடியாது.

கடைசியில் ஆசாரி ஒரு காரியம் செய்தார். வித்வானின் சொந்த உருளையைக் கேட்டு வாங்கி, தந்திகளின் மேல் குறுக்கே வைத்தார். குனிந்து, எதிரே ஜன்னல் வெளிச்சம் வரும்படி கண்ணை உருளையின் மட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு தந்திக்கும் உருளைக்கும் நடுவே முடி அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. பேசாமல் தந்திகளைத் தாங்கும் குதிரையைக் கழற்றி, அரத்தால் இரண்டு தேய்ப்பு தேய்த்து, மறுபடி வைத்துப் பார்த்தார். வெளிச்சம் போன பிறகுதான் மீட்டிப் பார்த்தார். கச்சேரியில் நீங்கள் கேட்கும் வழுக்கலில் பாதி அந்தக் குதிரையில் தேய்ந்து விழுந்த பொடி.

இந்த இழுப்பு, வழுக்கல் விஷயம் நம் ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவின் கன்ட்ரி இசையில் பெடல் ஸ்டீல் கிட்டார் என்று ஒன்று உண்டு. அதையும் கிடத்தி வைத்து, தந்திமேல் எஃகு உருளையை ஓட்டுவார்கள். காலடியில் பெடல்கள், முழங்காலுக்கு நெம்புகோல்கள். அவை குறிப்பிட்ட சில தந்திகளை மட்டும் இறுக்கும், தளர்த்தும். கலிஃபோர்னியாவில் மோட்டார் சைக்கிள் வேலை தெரிந்த பால் பிக்ஸ்பி என்பவர், 1948-இல் ஸ்பீடி வெஸ்ட் என்ற கலைஞருக்காக அப்படி ஒன்றைச் செய்து கொடுத்தார். 1954-இல் வெளிவந்த 'ஸ்லோலி' என்ற பாட்டில் பட் ஐசக்ஸ் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். ஒரு தந்தி அசையாமல் நிற்க, பக்கத்துத் தந்தி மட்டும் ஏறியது. அங்கே எல்லோரும் அதன்பின் ஓடினார்கள். நான் சொன்ன கணக்கில் வைத்துப் பாருங்கள்: கையில் வழுக்கல், காலில் இழுப்பு. ஒரே நேரத்தில் பல ஸ்வரங்களை அடுக்கும் இசைக்கு அது தேவை. ஒற்றைக் கோட்டில் ராகத்தை வளர்க்கும் நமக்கு வழுக்கல் ஒன்றே போதும்.

கோட்டுவாத்தியத்தின் சரித்திரத்தைச் சுருக்கிவிடலாம். திருவிடைமருதூர் சகாராம் ராவ் இதைக் கச்சேரி வாத்தியமாக்கினார். பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர் இளம் வயதில் அவரிடம் கற்றார். குரலுக்குப் பாடம் சொன்ன வாத்தியம் இது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் நிதானமும் அடக்கமுமாக இதை வளர்த்தார். மைசூர் சமஸ்தான வித்வான் நாராயண ஐயங்கார் கையில் இன்றைய 21 தந்தி உருவம் வந்தது. இப்போது 'சித்திரவீணை' என்ற பெயரும் வழங்குகிறது. பெயரில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் நாட்டிய சாஸ்திரத்தில் வரும் சித்திர வீணையே இது, இரண்டாயிரம் வருஷமாக மாறாமல் வருகிறது என்று மேடையில் சொல்வதைக் கேட்டால் பொறுக்க முடியவில்லை. அது ஏழு தந்தி வாத்தியம், வேறு வாத்தியம். நல்ல வாத்தியத்துக்குப் பொய் வயது எதற்கு?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எதற்கெடுத்தாலும் வழுக்கிக்கொண்டே போவது ரசனை இல்லை, சோம்பல். புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் தெளிவாக இருந்தால்தான் நடுவிலுள்ள பாதைக்கு அர்த்தம். ஃப்யூஷன் மேடைகளில் எக்கோவைக் கூட்டி வைத்துக்கொண்டு, மேலும் கீழும் சறுக்கிக் கைதட்டு வாங்குகிறார்களே, அதில் சேருகிற இடமே கிடையாது. எக்கோ எல்லாப் பிசகையும் மூடிவிடும். கைதட்டுகிறவர்கள் ஏமாறுகிறார்கள்.

ஏமாறாமல் கேட்க ஒரு வழி இருக்கிறது. எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நானாகக் கண்டுபிடிக்க வெகுநாள் ஆயிற்று. ஸ்வரத்தைக் கேட்காதீர்கள், அது நின்ற பிறகு வருவதைக் கேளுங்கள். உருளை சரியான இடத்தில் வந்து நின்றால், கீழே தொடாமல் கிடக்கும் தந்திகளில் அந்த ஸ்வரத்துக்கானது தானாக அதிர்ந்து பதில் சொல்லும். ஒரு இழை தள்ளி நின்றாலும் பதில் மங்கிவிடும். மேலே இருப்பவர் என்ன சாமர்த்தியம் காட்டினாலும் கீழ்த் தந்தி பொய் சொல்லாது. அந்தப் பதில் ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் பிறகு எந்த விமர்சகரும் உங்களுக்குத் தேவையில்லை.

முதலில் சங்கராபரணம் கேளுங்கள். அதன் காந்தாரம் பெரும்பாலும் அசையாமல் நிற்கும், பதில் தெளிவாகக் கேட்கும். காது பழகிய பிறகு தோடிக்கு வாருங்கள். அப்புறம் ஒரே கீர்த்தனையை வீணையிலும் கோட்டுவாத்தியத்திலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். இழுப்பும் வழுக்கலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், கீழ்த் தந்தி அதில் செத்துப்போகும். விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனில், இரவு நேரத்தில் கேளுங்கள்.

அந்த ஜீப் தம்பி அதே ஆலாபனையைப் பிறகு என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். விடியற்காலை சவாரிக்கு, சூரிய உதயம் பார்க்க ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது போடுகிறானாம். அவனுக்கு எட்டிய இசை உங்களுக்கு எட்டாது என்று யார் சொன்னது? இன்றிரவு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.