‘ஆம்’ என்னும் ஈறும் எல்லைப்புற நீதிக்கதைகளும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர்ப் பகுதியிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு வட்டங்களிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. இங்குப் பயிலும் குழந்தை வரலாற்று மாந்தரை இரு மொழிகளின் வழியே அறிகிறது. வீட்டில் கேட்பது தமிழ்க் கதை. தெருவிலும் திருவிழாவிலும் கேட்பது மலையாளக் கதை. இரண்டும் ஒருவரையே போற்றுவதில்லை. சித்தூர் பகவதி கோயிலின் கொங்கன் படை விழாவில் கொங்கு மன்னனே பகைவன். விழாவைக் காணும் தமிழ்க் குழந்தைகள் பலருக்கோ கொங்கு நாடு உறவினர் வாழும் ஊர்ப்புறம்.

இம்முரண் கூர்மையடையும் இடம் பீர்மேடு வட்டத்திலுள்ள பெரியாறு அணை. 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த இவ்வணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக், கம்பம் பள்ளத்தாக்கில் தெய்வத்திற்கு நிகராகப் போற்றப்படுகிறார். வெள்ளம் வேலையை அழித்தபின் இங்கிலாந்திலிருந்த தம் சொத்தை விற்று அணையை முடித்தார் என்பதே அவரைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லப்படும் கதை. சொல்வோர் இதற்கு ஆவணச் சான்று காட்டுவது அரிது. செலவை ஏற்றது சென்னை மாகாண அரசு. மெக்கன்சி 1899இல் எழுதிய திட்ட வரலாறும் இதனை அரசுப் பணியாகவே விவரிக்கிறது.

மறுபுறக் கதையும் இத்தகையதே. அணைக்குரிய குத்தகை ஒப்பந்தத்தில், இதயத்தின் குருதியால் ஒப்பமிடுவதாகத் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் வருந்திச் சொன்னார் என்பது மலையாளத்தில் வழங்கும் செய்தி. ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29ஆம் நாளுக்குரியது. அம்மன்னர் 1885இலேயே மறைந்துவிட்டார்.

இக்கதைகளைப் பொய் என ஒதுக்குவது திறனாய்வு ஆகாது. அவை எவ்வகை வினைமுற்றில் சொல்லப்படுகின்றன என்பதே இங்கு ஆராயத்தக்கது. வாய்மொழியில் தமிழ்க் கதைசொல்லி ‘விற்றாராம்’, ‘கட்டினாராம்’ என்கிறார். ‘ஆகும்’ என்பதன் திரிபாகிய இந்த ‘ஆம்’ ஐயத்தைக் குறிப்பதன்று. தான் நேரில் காணாததை, பிறர் சொல்லக் கேட்டுச் சொல்வதை உணர்த்துவது. (குரலை ஏற்றிச் சொன்னால் அதுவே ஏளனமும் ஆகும் என்பது வேறு.) அதே கதை அச்சேறிப் பாடமாகும்போது ‘விற்றார்’, ‘கட்டினார்’ என ஈறு நீங்கிவிடுகிறது. செய்யுளையும் உரைநடையையும் செப்பம் செய்வோர் இதனைப் பேச்சு வழக்கின் எச்சமாகக் கருதிக் களைகின்றனர். களையப்படுவது பேச்சு வழக்கு மட்டுமன்று. செய்தியின் மூலம் பற்றிய குறிப்பும் உடன் போகிறது. எல்லைப்புறக் குழந்தைக்கு இவ்விழப்பு சிறிதன்று. இரு ‘ஆம்’களைக் கேட்ட குழந்தை “யார் சொன்னது?” என வினவும். ஈறற்ற இரு வாக்கியங்களைப் படித்த குழந்தையோ ஒரு சாரார் பொய்யர் என முடிவு செய்யும். அறம் புகட்ட எழுந்த கதை அயலாரை ஐயுறக் கற்பிக்கிறது.

மொழிபெயர்ப்பாளருக்கு இதில் தனித்த இடர் ஒன்றுண்டு. மலையாளத்தில் ‘அத்ரே’, ‘போலும்’ ஆகியன ‘ஆம்’ செய்யும் பணியைச் செய்கின்றன. ஆனால் தமிழில் ‘போலும்’ என்பது சொல்வோரின் ஊகம். மலையாளப் ‘போலு’மைத் தமிழில் அப்படியே நிறுத்தினால் கேட்ட செய்தி ஊகமாக மாறிவிடும். ஆங்கிலத்தில் வாக்கியந்தோறும் ‘என்று சொல்கிறார்கள்’ எனப் பெயர்த்தால் நடை சலிப்பூட்டும். அடியோடு விட்டால் கதை வரலாறாகிவிடும். தொடக்கத்திலும் திருப்பங்களிலும் மட்டும் சொல்வோரைச் சுட்டுதல் ஓரளவு பொருந்தும்.

கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கிய மன்னன் கதையை நோக்குக. பெரியபுராணம் அதனைத் திருவாரூருக்கும், மகாவம்சம் அனுராதபுரத்தில் ஆண்ட எல்லாளனுக்கும் உரியதாக்குகின்றன. சிலப்பதிகாரத்திலோ கண்ணகியே பாண்டியன் அவையில் அதனை எடுத்துரைக்கிறாள். சொல்பவள் யார், எதற்காகச் சொல்கிறாள் என்பது அங்குக் கதையோடு பிரிக்கவியலாதபடி நிற்கிறது.

பென்னிகுயிக் பெருமை சொத்து விற்பனையைச் சார்ந்ததன்று. காட்டு வெள்ளத்திடையே பல்லாண்டு நடந்த பணியே போதிய சான்று. ஒருவரின் தியாகமாகக் கதை குறுகும்போது, நோயால் மாண்டு அணையருகே புதைக்கப்பட்ட தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர் அதிலிருந்து மறைகின்றனர். அச்சிட்ட வாழ்க்கைக் குறிப்புகளில் அவர்களுக்கு ஒரு வரி கிடைப்பதே அரிது.