தேய்ந்த துளையும் ஹோபார்ட் ஹேண்ட்லர் 140-ம்

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில், எங்கள் கராஜில் நிற்கும் டிரில்லிங் மெஷின் என்னிடம் வரும்போதே பழசு. மேஜையை இறுக்கும் இரும்புக் கைப்பிடியில் போல்ட் துளை தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது. ஸ்டாண்டின் ஒரு காலில் விரிசல். கோவை கணபதியில் இருந்திருந்தால் அடுத்த தெருப் பட்டறையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். இங்கே நானே வெல்டிங் பழக வேண்டியதாயிற்று.

அதற்கு வாங்கிய ஹோபார்ட் ஹேண்ட்லர் 140 வெல்டிங் மெஷினை 115 வோல்ட் வீட்டு பிளக்கிலேயே மாட்டலாம். 20 ஆம்ப் பிரேக்கர் அதற்கென்றே தனியாக இருப்பது நல்லது. 25 முதல் 140 ஆம்ப் வரை தருகிறது. எடை சுமார் 26 கிலோ, விலை 500 டாலருக்கு மேல். வோல்டேஜுக்கு ஒரு திருகி, வயர் வேகத்துக்கு இன்னொன்று. வேறெதையும் திருகிக் குழம்ப வேண்டியதில்லை என்பதே புதியவருக்குப் பெரிய நிம்மதி.

கேஸ் சிலிண்டர் வாங்காமல் ஃபிளக்ஸ் வயரில் தொடங்கினேன். டெக்சஸ் வெயிலில் கதவைத் திறந்து ஃபேன் போடாமல் கராஜில் நிற்க முடியாது. அந்தக் காற்றில் வெல்டைக் காக்கும் கேஸ் கலைந்துவிடும், ஃபிளக்ஸ் வயர் தாங்கும். ஆனால் அந்த வயருக்கு வெல்டிங் துப்பாக்கி நெகட்டிவில் இருக்க வேண்டும். மெஷினின் கதவுக்குள் இருக்கும் இரண்டு கேபிள்களை முதலில் பாருங்கள். நான் பார்க்காமல் ஒரு மாலை முழுவதும் இரும்பில் பொறிகளைத் தெளித்துக்கொண்டிருந்தேன்.

கேபிள்களை மாற்றி மாட்டியதும் ஓசையே மாறியது. கடுகுபோல வெடித்தது போய், அப்பளம் பொரிவதுபோலச் சீராகக் கேட்டது. கசடு வரும் வயர் என்பதால் துப்பாக்கியைத் தள்ளாமல் இழுக்க வேண்டும்.

கைப்பிடியின் துளைக்குப் பின்னால், தட்டித் தட்டையாக்கிய செம்புக் குழாயை வைத்துப் பிடித்தேன். வெல்டு செம்பில் ஒட்டாது. துளையை நிரப்பி, கிரைண்டரில் சமன்செய்து, புதிதாகத் துளையிட்டேன். போல்ட் இப்போது ஆடாமல் உட்காருகிறது. காலின் விரிசலை முதலில் V வடிவில் தேய்த்துத் திறந்து, பிறகு மூடினேன்.

90 ஆம்பில் இந்த மெஷினின் வேலைவீதம் 20 சதவீதம், அதாவது பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம்தான் எரியும். வீட்டு ரிப்பேருக்கு அது போதும். அந்த ஓய்வில் கசடைத் தட்டி, போட்ட வெல்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். கால் அங்குலத் தகடு வரை போடலாம் என்கிறது நிறுவனம். புதியவர் அரைக்கால் அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வதே பத்திரம் என்பேன்.

ஷேடு 10 கண்ணாடி பதித்த முகக்கவசம், தோல் கையுறை, பருத்திச் சட்டை இல்லாமல் தொடாதீர்கள். துத்தநாகம் பூசிய இரும்பென்றால் பூச்சை முழுக்கத் தேய்த்தெடுத்த பிறகே வெல்டு. அந்தப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும்.

என் வைஸின் உடலிலும் ஒரு விரிசல் உண்டு. எந்த இரும்பு என்று அறியக் கிரைண்டரை வைத்தேன். மைல்டு ஸ்டீல்போல நீளமான மஞ்சள் பொறி வராமல், குட்டையாகச் சிவந்து அணைந்தது. வார்ப்பிரும்பு. முன்சூடும் நிக்கல் ராடும் கேட்கும் வேலை அது, இந்த வயருக்கானது இல்லை. துடைத்து எண்ணெய் பூசி அலமாரியில் வைத்திருக்கிறேன்.