எட்டுச் சுற்றில் ஒன்று

ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில்தான் ஆரம்பிப்பார்கள்: உலகத்திலேயே அதிகமாகச் சாம்ப்பிள் எடுக்கப்பட்ட தாளங்களில் ஒன்று. சரிதான். ஆனா அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு எரிச்சல் வரும். எத்தனை பேர் எடுத்தார்கள் என்று எண்ணி முடித்ததும், என்ன எடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

1969 நவம்பர் 20-ம் தேதி சின்சினாட்டியில் பதிவான பாட்டு. 1970 மார்ச்சில் இரண்டு பாகமாக சிங்கிள் தட்டில் வந்தது. ஆர் அண்ட் பி பட்டியலில் 20-ம் இடம், பாப் பட்டியலில் 51. பிரவுன் கணக்குக்கு இது சுமாரான ஹிட்தான். ஆல்பத்தில் சேரவே 1986-ல் வந்த 'இன் தி ஜங்கிள் குரூவ்' தொகுப்பு வரை காத்திருந்தது. ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்த முழு வடிவத்தில், பாதி தாண்டிய பிறகு மற்ற வாத்தியங்கள் எல்லாம் நிற்கின்றன. டிரம்ஸ் மட்டும் எட்டுச் சுற்று. சுமார் 20 விநாடி. வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட்.

அந்த எட்டுச் சுற்றை ஆடாசிட்டியில் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நோண்டினேன். ஒரு சுற்றுக்கு 16 கட்டம் என்று வைத்துக்கொண்டால், 5-லும் 13-லும் ஸ்நேர் பலமாக விழுகிறது. அது எல்லா டிரம்மரும் செய்வது. விஷயம் நடுவில் இருக்கிறது. குச்சி தோலைத் தொட்டும் தொடாமலும் விழுகிற சின்னச் சின்ன அடிகள். 'கோஸ்ட் நோட்' என்பார்கள். மேலே ஹை-ஹாட் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கங்கே வாயைத் திறந்து மூடுகிறது.

முதலில் ஒவ்வொரு அடியையும் வெட்டி, சரியாகக் கட்டத்தின் மேலேயே நகர்த்தி வைத்துக் கேட்டேன். கொஞ்சம் விறைப்பாகிவிட்டது, ஆனாலும் ஆள் அடையாளம் தெரிந்தது. அடுத்து, நேரத்தை அப்படியே விட்டுவிட்டு, எல்லா ஸ்நேர் அடிகளையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்தேன். செத்தே போச்சு. கல்யாண மண்டபத்து வாசலில் எவனோ டப்பா தட்டுகிற மாதிரி. ஃபங்க் என்றால் 'டைமிங்' என்று ஆயிரம் கட்டுரைகள் சொல்கின்றன. என் காதுக்கு, இந்த ஆளிடம் டைமிங்கைவிடப் பெரிய சொத்து, எதை எவ்வளவு மெல்லத் தட்டுவது என்கிற கணக்குதான்.

சட்டனூகாவில் வளர்ந்தவர். தொழிற்சாலை இயந்திரங்களின் சத்தத்தையும் ரயில் சத்தத்தையும் கேட்டுத்தான் தாளம் பழகினேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஹை-ஹாட்டைக் கேட்டால் நம்பலாம்.

இனி என் தொழில் பக்கம் கொஞ்சம். 1987-ல் ஈ-மியூ நிறுவனம் எஸ்பி-1200 என்று ஒரு சாம்ப்ளர் விட்டது. 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ், மொத்த நினைவகம் 10 விநாடி. அதிலும் ஒரு துண்டு 2.5 விநாடியைத் தாண்டக்கூடாது. ஸ்டபிள்ஃபீல்டின் வேகம், நான் அளந்தவரை, நிமிடத்துக்கு 100 அடியை ஒட்டி. அப்படியென்றால் ஒரு சுற்று கிட்டத்தட்ட 2.4 விநாடி. மயிரிழையில் உள்ளே போகிறது! இன்னும் இடம் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் 33-ல் ஓட வேண்டிய தட்டை 45-ல் ஓட்டிப் பதிந்து, பிறகு பெட்டிக்குள் வேகத்தைக் குறைத்தார்கள். அதே சுற்று 1.8 விநாடிக்குள் அடங்கிவிடும். தரம் கெடும்; அந்தக் கரகரப்புதான் அந்தக் காலத்து ஹிப்-ஹாப்பின் குரலே.

ஆனா இதில் ஒரு நஷ்டமும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. மூலத்தில் எட்டுச் சுற்றும் அச்சு அசலாக ஒன்றுபோல் இல்லை. அலைவடிவத்தை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். லூப் செய்யும்போது அதில் ஒன்றை மட்டும் எடுத்து, நாலு நிமிடம் சுற்றவிடுகிறோம். மரபு என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் அந்த ஒரு சுற்றைத்தான்.

அது போன தூரம் பெரியது. பப்ளிக் எனிமியின் 'ஃபைட் தி பவர்', எல்எல் கூல் ஜேயின் 'மாமா செட் நாக் யூ அவுட்' எல்லாம் தெரிந்ததுதான். எனக்கு மிகவும் பிடித்தது 1990-ல் ஷினேட் ஓ'கானர் செய்தது. பழைய ஐரிஷ் ஒப்பாரி ஒன்றை எடுத்து, அடியில் இந்தத் தாளத்தை ஓடவிட்டார். அங்கே கோபம், வீறாப்பு எதுவும் கிடையாது. கல்லறை மேல் படுத்துக் கிடக்கிற ஒரு ஆள், கீழே விடாமல் ஒரு துடிப்பு. ராப்பர்கள் எல்லாரும் அந்த பலமான ஸ்நேரைக் கேட்டார்கள் என்றால், இந்தப் பெண் மெல்லிய அடிகளைக் கேட்டிருக்கிறார் என்று தோன்றியது.

இதில் ஸ்டபிள்ஃபீல்டுக்கு என்ன கிடைத்தது? பாட்டை இயற்றியவர் என்று பதிவானது பிரவுன் பெயர் மட்டும். பதிவின் உரிமை நிறுவனத்துக்கு. சட்டம் மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிமை தருகிறது. ஒரு டிரம்மர் ஸ்டூடியோவில் நின்ற நிற்பில் கண்டுபிடித்து வாசித்த தாளத்துக்குத் தனி இடம் வைக்கவில்லை. வாசித்தவர் சம்பள ஆள். நான் எழுதிய கோடும் கம்பெனிக்குத்தான் சொந்தம், அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனா எங்க தொழில்ல கமிட் லாக்ல பேராவது நிக்கும்.

காசைவிட அந்தப் பேர்தான் அவருக்கும் உறுத்தியது என்று பேட்டிகளிலிருந்து புரிகிறது. பெரிய கோபம் ஒன்றும் காட்டவில்லை. ஒருவருடையதை எடுத்துப் பயன்படுத்திவிட்டுக் கொடுக்காமல் போவது மரியாதைக் குறைவு என்ற அளவில் சொன்னார். விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் குடியேறி, அங்கே திங்கட்கிழமை இரவுகளில் வருடக்கணக்காக வாசித்தார். 2017 பிப்ரவரியில் சிறுநீரக நோயால் இறந்தார். புற்றுநோய் வந்தபோது ஆஸ்பத்திரி பில்லைச் சத்தமில்லாமல் கட்டியது பிரின்ஸ் என்பது பிரின்ஸ் இறந்த பிறகுதான் வெளியே வந்தது.

பாட்டை மறுபடி கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டிரம்ஸ் தனியாக வருவதற்கு முன்னால் பிரவுன் டிரம்மரிடம் பேசுகிறார்: தனி ஆவர்த்தனம் எல்லாம் வேண்டாம், இப்ப கையில இருக்கிறதையே பிடிச்சுக்கோ என்கிற மாதிரி. அப்புறம் பாட்டுக்கு அங்கேயே பெயரும் வைக்கிறார். டிரம்மரை வைத்துத்தான் பெயர். கிளைட் என்று மட்டும் சொல்லவில்லை.