ஸ்பெக்ட்ரமுக்கு ஒரு இரும்பு இதயம்

தாராவியின் பங்கார் (பழைய பொருள்) கடைகளில் பழைய ஹோம் கம்ப்யூட்டர் முழுசாகக் கிடைப்பது அபூர்வம். லேபர் கேம்ப்பில் எங்கள் மேசைக்கு வந்த ஸ்பெக்ட்ரம் பிளஸ், அடாப்டர் இல்லாமல்தான் வந்தது. பிரிட்டனில் சிங்க்ளேர் 1984இல் வெளியிட்ட மாடல் இது. பின்னாளில் புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் இதை இந்தியாவில் விற்றது.

இதற்குத் தேவை 9 வோல்ட் டிசி, 1.4 ஆம்பியர். ஆனால் கையில் கிடைத்த 9 வோல்ட் அடாப்டரைச் செருகிவிடாதீர்கள். இன்றைய அடாப்டர்களில் பெரும்பாலும் பின்னின் நடுப்பகுதி பாசிட்டிவ். ஸ்பெக்ட்ரமில் நடுப்பகுதி நெகட்டிவ். மாற்றிக் கொடுத்தால் உள்ளே இருக்கும் ரெகுலேட்டரும், அதற்கு மேலும் போகும்.

சரியான அடாப்டரை நாமே செய்ய இரண்டு வழிகள் உண்டு, இரண்டுக்கும் லேமிங்டன் ரோட்டில் பொருள் வாங்கினோம். முதலாவது, 12 வோல்ட் அடாப்டரோடு, வோல்ட்டைக் குறைக்கும் சின்ன பக் மாட்யூல். விலை குறைவு, சூடாகாது, ஆனால் டிவி படத்தில் மெல்லிய கோடுகள் நெளிந்தன. இரண்டாவது, 9 வோல்ட் 2 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர், நான்கு 1N5408 டயோடு, 4700 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெபாசிட்டர். படம் சுத்தமாக நின்றது. எனக்குப் பிடித்தது இந்தக் கனமான பெட்டிதான்.

கணக்கும் இதற்குச் சாதகம். 9 வோல்ட் ஏசியின் உச்சம் 12.7, டயோடுகள் விழுங்குவது போக 11.3. ஒரு ஆம்பியர் இழுத்தால் சிற்றலை சுமார் 2 வோல்ட். அடியில் 9 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்கும். ஸ்பெக்ட்ரமின் உள்ளே உள்ள 7805 ரெகுலேட்டருக்கு ஏழரை வோல்ட்டே போதும். மின்சாரம் 253 வோல்ட் வரை ஏறினாலும் உச்சம் சுமார் 14தான், கெபாசிட்டர் தாங்கும். 7805 மட்டும் கூடுதலாகச் சுடும், அதன் ஹீட் சிங்க்கைக் கழற்றாதீர்கள்.

ஸ்பெக்ட்ரமில் சுவிட்சே கிடையாது. அணைக்க, ஜாக்கைப் பிடுங்கத்தான் வேண்டும். அதனால் சாக்கெட் தளர்ந்து போகும். பழைய 4116 மெமரி சிப்புகளுக்கு மைனஸ் 5 வோல்ட் தவறினால் ஆபத்து. தொடர்பு விட்டு விட்டு வருவது அவற்றுக்கு நல்லதல்ல. எனவே மெயின்ஸ் பக்கமே சுவிட்ச் வைத்தோம், அதற்கு முன் 250 மில்லி ஆம்பியர் ஸ்லோ ஃப்யூஸ், இரும்புப் பெட்டிக்கு எர்த் ஒயர். நம் அறைகளில் பல பாயிண்ட்டுகளில் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். டெஸ்டர் பல்பு வைத்துப் பார்த்துவிடுங்கள்.

டிரான்ஸ்பார்மரை மட்டும் பங்காரில் எடுக்காதீர்கள், புதிதாக வாங்குங்கள். பழையதன் இன்சுலேஷன் கெட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, 230 வோல்ட் மன்னிக்காது.

கம்ப்யூட்டரில் செருகுமுன் ஒரு மின்தடையைச் சுமையாகக் கொடுத்து வோல்ட்டையும் துருவத்தையும் மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் மூடியை ஸ்க்ரூ போட்டு இறுக்கியபின்தான் ப்ளக்கைச் செருக வேண்டும்.