நடராஜனின் யார்க்கரும் முழங்கையும்

2020 நவம்பர் 6, அபுதாபி. ஐபிஎல் எலிமினேட்டரில் 56 ரன் எடுத்து நிலைத்துவிட்ட ஏபி டி வில்லியர்ஸின் ஸ்டம்பை வேகப்பந்து வீச்சாளர் நடராஜனின் யார்க்கர் ஒன்று பெயர்த்தது. அந்தப் பந்தை அவர் எந்த அகாடமியிலும் கற்கவில்லை. சேலம் சின்னப்பம்பட்டியில், ஒரு நெசவுத் தொழிலாளியின் மகனாக, இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் ஆடியபோதே அது அவர் கைக்கு வந்துவிட்டது.

டென்னிஸ் பந்தில் யார்க்கர் ஏன் வளர்கிறது என்பதற்குக் காரணம் பந்திலேயே இருக்கிறது. அதன் எடை 60 கிராமுக்குள். கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம்வரை. இலேசான பந்தைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால், எகிறி நின்று அடிப்பதற்கு வாகாக வரும். சின்ன மைதானத்தில் அது நேரே சிக்ஸர். தப்பிக்க ஒரே இடம் பேட்ஸ்மேனின் காலடி. ஞாயிறுதோறும் பரிசுப் போட்டிகளில் கடைசி ஓவர் வீசும் பையனுக்கு அந்த இடத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடி வாங்கி வாங்கியே கண்டுபிடித்துவிடுவான்.

ஆனால் அந்த ஆண்டுகள் யார்க்கரை மட்டும் தரவில்லை. 2015 ஜனவரியில், 23 வயதில், வங்காளத்துக்கு எதிராக ரஞ்சியில் அறிமுகமானார் நடராஜன். அந்தப் போட்டியோடு அவர் பந்தை எறிகிறார் என்ற புகாரும் வந்தது. பந்தை விடும் வேளையில் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக் கூடாது என்பது விதி. எடையில்லாத பந்துக்கு வேகம் ஏற்ற, கையைச் சுண்டிவிட வேண்டியிருக்கிறது. கிராமத்து மைதானத்தில் முழங்கையைப் பார்ப்பவர் யாருமில்லை. பழுதும் யார்க்கர் விளைந்த அதே மண்ணில் விளைந்தது என்பது என் கணிப்பு.

பழைய கல்வி புதிய கல்விக்கு எப்போது கைகொடுக்கும், எப்போது காலை வாரும் என்று உளவியலாளர்கள் நூறாண்டுக்கு மேலாக ஆராய்கிறார்கள். 1901இல் தார்ண்டைக், வுட்வொர்த் இருவரும் சொன்ன விடை இன்றும் பயன்படுகிறது: இரண்டு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவோ, அவ்வளவுதான் கைமாறும். ஓவர்லாக் தையல் இயந்திரத்தைப் பத்து வருடம் ஓட்டியவர் சிங்கர் இயந்திரத்தில் உட்கார்ந்தால் துணியைத் தள்ளும் விரல் உதவும், ஓட்டிய வேகம் தையலைக் கோணலாக்கும். திருப்பூரில் எந்த லைன் சூப்பர்வைசரும் இதைச் சொல்வார். நடராஜனுக்குக் காலடியைக் குறிபார்க்கும் கண் கைமாறியது. முழங்கையின் பழக்கத்தை விட்டுத்தொலைக்க வேண்டியிருந்தது.

விட்டுத்தொலைப்பதுதான் கடினம். சுனில் சுப்பிரமணியம் உள்ளிட்ட தமிழ்நாடு பயிற்சியாளர்களின் உதவியோடு அவர் பந்துவீச்சையே மாற்றிக் கட்டினார். வலையில் புதிய அசைவு சீக்கிரமே வரும். ஆட்டம் நெருக்கும்போது கை பழைய வழியையே தேடும். உடம்பு அதைத்தான் நம்புகிறது. அதனால்தான் அவர் 2016 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) திண்டுக்கல்லுக்காகச் சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராகவே போட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். பழைய ஆயுதத்தை, திருத்திய கையோடு, மிக மோசமான நெருக்கடியில் எடுத்தார். நான்கு ஆண்டு கழித்து ஆஸ்திரேலியாவில் ஒரே பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமானார். பிரிஸ்பேன் டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்தார்.

பிற்பாடு டிஎன்பிஎல்லில் திருப்பூர் தமிழன்ஸுக்கும் ஆடியவர் நடராஜன். கைக்கு மட்டுமல்ல, உணர்ச்சிக்கும் நினைவு உண்டு. அது எப்படி வேலை செய்கிறது என்று காட்ட அந்த அணியே போதும். 2024இல் இரண்டாவது குவாலிஃபயரில் திண்டுக்கல்லிடம் திருப்பூர் 108 ரன்னுக்குச் சுருண்டது. திண்டுக்கல்லின் அஷ்வின் 30 பந்தில் 69 அடித்து முடித்துவைத்தார். அப்படி ஒரு தோல்வி மனதிலிருந்து அழியாது. பழகிப்போன ஓர் எதிர்வினை அடங்கிய பிறகும், கொஞ்ச காலம் கழித்துத் தானாக மீண்டும் தலைகாட்டும் என்பதைப் பாவ்லோவின் பரிசோதனைகளே காட்டின. பழைய நினைவின் மேல் புதிய நினைவை அடுக்க முடியும், அவ்வளவுதான். 2025 ஜூனில் கோவையில் அதே திண்டுக்கல்லை 93 ரன்னுக்குச் சுருட்டி 9 விக்கெட்டில் வென்றபோது அந்த அடுக்கு விழுந்தது. ஜூலை 6 அன்று இறுதிப் போட்டி, எதிரணியின் சொந்த மைதானத்திலேயே. சாய் கிஷோர் தலைமையில் திருப்பூர் 220 எடுத்து, திண்டுக்கல்லை 102இல் முடித்து, முதல்முறையாகக் கோப்பையை வென்றது. இறுதிப் போட்டியில் துஷார் ரஹேஜாவின் ஆட்டத்தைப் பலரும் எழுதிவிட்டார்கள். ஜூன் மாத வெற்றிக்கும் அந்தக் கோப்பையில் பங்குண்டு என்பேன்.

இனி, திருப்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் பயிற்சி தரும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பனியன் கம்பெனிக்குப் போகும் குடும்பங்களின் பையன்கள் உங்களிடம் வரும்போது, டென்னிஸ் பந்தில் ஐந்தாறு வருடம் ஆடிய கையோடுதான் வருகிறார்கள். "இதுவரை ஆடினதை எல்லாம் மறந்துடு" என்று முதல் நாளே சொல்லாதீர்கள். மறக்கவும் முடியாது. முயற்சி செய்தால் பழுது உள்ளே தங்கிவிடும், யார்க்கர் போய்விடும். லெதர் பந்து மேலே பட்டுவிடுமோ என்று ஒதுங்கும் பையனையும் திட்டாதீர்கள். வேகம் குறைத்து எறிந்து, பட்டாலும் ஒன்றுமில்லை என்ற அனுபவத்தை முதலில் சேர்த்துக் கொடுங்கள். பந்துவீசுபவனை முதல் வாரம் அவன் போக்கில் வீச விட்டு, முழங்கையை மட்டும் பக்கவாட்டிலிருந்து கைபேசியில் படம் பிடியுங்கள். பழுது தெரிந்தால், ரஞ்சி அறிமுகம்வரை காத்திருக்காமல், பதினைந்து வயதிலேயே திருத்தத் தொடங்கிவிடலாம்.