வெறும் கை

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் கம்பெனி கட்டிங் டேபிளை நீங்கள் வந்து பார்க்க வேண்டும்! ஆறு நாளும் பனியன் துணி லே போட்டு, கத்தி மிஷின் ஓடிய நாற்பதடி மேஜை. அன்றைக்கு மட்டும் அதன் மேல் ஆறும் காடும் கோட்டையும் சாக்பீஸ் கோடாக விரிந்து கிடக்கும். மிஞ்சிய சட்டைப் பட்டன்கள்தான் எங்கள் படை. கறுப்புப் பட்டன் என்றால் பூதம். நாலு ஓட்டை வெள்ளைப் பட்டன் என்றால் ஊர்ச்சனம். செம்பு நிறத்தில் ஒரே ஒரு ஜீன்ஸ் பட்டன் இருக்கிறது, அது என் ஆள். வேங்கையன். பாலடின்.

திருப்பூர் - தாராபுரம் ரோட்டில் இருக்கிற எங்கள் அவிநாசிபாளையத்துக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது என் மச்சினன் புண்ணியத்தில். பெங்களூரில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டு, புத்தகமும் இருபது முகப் பகடையுமாக ஊருக்குத் திரும்பினான். அவன் கதையை நடத்துவான், நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி உள்ளே வாழ்வோம். கட்டிங் மாஸ்டர் நான் பாலடின். செக்கிங் அக்கா திருடி. ஓவர்லாக் தம்பி மந்திரவாதி. இஸ்திரி போடும் பெரியவர் பூசாரி. ஒரு மேஜை, நாலு பேர், சில பகடைகள். இதற்குள் இவ்வளவு பெரிய உலகம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!

ஆனால் நான் எழுத வந்தது மொத்த ஆட்டத்தைப் பற்றி இல்லை. அதில் இருக்கிற ஒரே ஒரு விதியைப் பற்றி. அந்த விதி மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம்.

பாலடின் என்பவன் தெய்வத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வாளெடுத்தவன். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அலைன்மென்ட் என்று ஒன்று உண்டு, அதாவது அவன் எந்த நெறியில் நிற்கிறான் என்பது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது மூன்றே நெறிதான்: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். 1978இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் அதோடு நன்மை தீமையும் சேர்ந்து ஒன்பதாக விரிந்தது. திருடனுக்கும் போர்வீரனுக்கும் அதில் இடம் தாராளம். பாலடினுக்கு மட்டும் ஒரே கட்டம். லாஃபுல் குட். ஒழுங்கும் வேண்டும், நல்லவனாகவும் இருக்க வேண்டும், இரண்டும் எப்போதும் வேண்டும். வழுக்கினால் தெய்வம் கொடுத்ததெல்லாம் போய்விடும்.

பாலடின் முதலில் வந்தது 1975இல், கிரேஹாக் என்ற துணைப் புத்தகத்தில். அதில் இன்னும் கறார். ஒழுங்கு மீறிய ஒரே செயல் போதும், பட்டம் போச்சு, திரும்பி வரவே வராது. விதை எங்கே என்று தேடினால் போல் ஆண்டர்சன் எழுதி 1961இல் நாவலாக வந்த த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸுக்குப் போகும். ஒழுங்கும் குழப்பமும் மோதுகிற ஓர் உலகத்துக்குள் டேனிஷ் எஞ்சினியர் ஒருத்தர் தூக்கி எறியப்படுகிறார். தான்தான் அங்கே பேரெடுத்த பழைய வீரன் என்று கடைசியில் உணர்கிறார். மச்சினன் இந்தக் கதையை டீக்கடையில் வைத்துச் சொன்ன அன்று என் டீ ஆறிப்போனதே தெரியவில்லை.

எங்கள் மேஜையில் மற்றதெல்லாம் புதுப் புத்தகப்படி ஓடும், பாலடின் மட்டும் 1978 புத்தகப்படிதான். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அந்த ஆள் ஆவதே லேசில்லை: கரிஷ்மா என்கிற ஆளுமை எண் 17 வேண்டும். ஆறு முகப் பகடை மூன்றை உருட்டினால் 216 விதத்தில் நாலே நாலு விதத்தில்தான் 17ஓ 18ஓ விழும். 54 பீஸ் வெட்டினால் ஒரு பீஸ்! எனக்கு 17 விழுந்தபோது ஓவர்லாக் தம்பி மேஜையைத் தட்டின தட்டில் பாதிப் பட்டன் தரையில். அப்புறம் கட்டுப்பாடுகளைப் பாருங்கள். வருமானத்தில் பத்தில் ஒன்று கோயிலுக்கு. மந்திரப் பொருள் பத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. கூட வருகிறவர்கள் நல்லவர்களாக இருக்க வேண்டும், நடுநிலை ஆட்களோடு ஒரு பயணத்துக்கு மட்டும் சேரலாம். செக்கிங் அக்காவின் திருடி நடுநிலை. அதனால் ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்திலும் நான் எழுந்து நின்று, "இந்த ஒரு பயணத்துக்கு எங்ககூட வர்றீங்களா?" என்று கேட்டாக வேண்டும். "மாஸ்டர் இவ்வளவு மரியாதையாக் கூப்பிட்டா வராம இருப்பனா?" என்று அவர் சொல்லுவார். ஒரு வறட்டு விதியிலிருந்து எப்படி ஓர் அழகான சடங்கு முளைத்திருக்கிறது!

கட்டுப்பாடு ஆட்டத்தைக் கெடுக்கிறது என்பவர்கள் உண்டு. 2008இல் வந்த நாலாம் பதிப்பில் ஒரே கட்டம் என்பதை எடுத்தேவிட்டார்கள். 2014 பதிப்பில் நெறிக்குப் பதிலாகச் சத்தியப் பிரமாணம் வந்தது. பக்தி, பழங்காலம், பழிவாங்கல் என்று எதை எடுத்துச் சத்தியம் செய்கிறாயோ அதைக் காப்பாற்று. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, பிரமாணம் என்ற சொல்லே எனக்குப் பிடிக்கும். ஆனால் பழைய விதியில் ஒரு பயம் இருக்கிறது, பாருங்கள். அந்தப் பயம் நமக்குப் பழகினது.

சபரிமலைக்கு மாலை போடாத வீடு எங்கள் லைனில் இல்லை. மாலை விழுந்த நாளிலிருந்து செருப்பில்லை, குடியில்லை, கோபத்தில் ஒரு வார்த்தை வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வோம். நேற்றுவரை 'டேய்' என்று கூப்பிட்ட லைன் சூப்பர்வைசர் இன்றைக்கு 'சாமி' என்பார். மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டினால் அவிழ்க்கிறவரை ஊரைவிட்டுப் போய்த் தங்க மாட்டோம். கையில் அந்த மஞ்சள் கயிறு இருக்கும்போது உடம்பு வேறு மாதிரி நடக்கும், அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இங்கே யாருக்காவது பாலடினை விளக்க வேண்டுமா? "எப்பவும் மாலை போட்டே இருக்கிற சாமி" என்றேன். இஸ்திரிப் பெரியவர் உடனே தலையாட்டினார்.

அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். சின்ன வயதில் உடுக்கடிப் பாட்டில் அண்ணன்மார் கதையை ராத்திரி ராத்திரியாகக் கேட்டவர். பொன்னரும் சங்கரும்! நம் கொங்கு மண்ணின் வீரர்கள். பெரியண்ணன் பொன்னர் பொறுமைக்காரர், வாய்மை தவறாதவர். சின்னண்ணன் சங்கர் நெருப்பு. கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் அறுபதுகளில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்து, பிறகு தமிழும் ஆங்கிலமுமாக அச்சில் கொண்டுவந்தார். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் எட்டுகிற இடத்தில் இருந்த கதை இது! "உம்மட பாலடினு பொன்னராட்டப் பொறந்து சங்கராட்டக் கோவிக்கறான், பாத்துக்குங்க மாஸ்டர்" என்றார் பெரியவர். அன்றைக்கு அதை நான் காதில் வாங்கவில்லை.

போன ஆடி மாசம் அது நடந்தது. கதையில் நெசவுக்காரர் ஊர் ஒன்றைக் கொள்ளைக் கூட்டம் எரித்துவிட்டது. துரத்திப் போய் மடக்கினோம். தலைவன் கத்தியைக் கீழே போட்டு மண்டியிட்டான். எரிந்த தறியும் அதன் அடியில் கிடந்த பையனும் என் கண்ணுக்குள் நின்றார்கள். "வெட்டறேன்" என்றேன். மச்சினன் நிமிர்ந்து பார்த்தான். "மச்சான், நெசமாத்தானுங்களா?" ஒரே ஒரு தடவைதான் கேட்டான். பகடையை எடுத்து உருட்டினேன். 18. தலைவன் விழுந்தான். மச்சினன் ஒன்றும் சொல்லாமல் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டான்.

ஊருக்குத் திரும்பி வந்தால் பையன் இன்னும் மூச்சை இழுத்துக்கொண்டு கிடக்கிறான். வேங்கையன் அஞ்சாவது லெவல். லெவலுக்கு இரண்டு புள்ளி, ஒரு நாளைக்கு ஒரு தடவை, கையை வைத்தால் பத்துப் புள்ளி காயம் ஆறும். எத்தனை தடவை செய்திருக்கிறேன்! ஒவ்வொரு தடவையும் "கை சுடுதுங்க மச்சான்" என்று மச்சினன் சொல்லுவான், எனக்கு உள்ளங்கை நிஜமாகவே சுடும்.

"கையை வெக்கறேன்."

"வெச்சீங்க."

"அப்புறம்?"

"ஒண்ணுமில்லீங்க மச்சான். சுடலை. வெறும் கை."

மேலே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. செக்கிங் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். நான் மேஜையில் விரித்து வைத்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷமாகத் துணி வெட்டின கை. சினிமாவில் அழுதிருக்கிறேன், நாடகத்தில் அழுதிருக்கிறேன், அதெல்லாம் வேறு யாருடைய தப்புக்காகவோ. இது நான் செய்தது. எந்தக் கதை வடிவம் இதைத் தரும், சொல்லுங்கள்! அந்த விதி இல்லாவிட்டால் அது வெறும் ஒரு வெட்டு, ஒரு 18, அடுத்த ஆள் உருட்டு என்று போயிருக்கும்.

அப்புறம் டீக்கடையில் இரண்டு மணி நேரம் வழக்கு. தெரிந்தே தீமை செய்தால் பட்டம் நிரந்தரமாகப் போகும், ஒழுங்கு மீறினால் ஏழாவது லெவல் பூசாரியிடம் ஒப்புக்கொண்டு பரிகாரம் செய்யலாம். புத்தகம் அப்படித்தான் பிரிக்கிறது. சரணடைந்தவனை வெட்டியது எதில் சேரும்? "தீமைதான்" என்றார் அக்கா, தயவே இல்லாமல். "எரிஞ்ச ஊரப் பாத்துட்டு வந்தவன் அக்கா அவன்" என்றான் ஓவர்லாக் தம்பி. நான் எனக்காக வாதாடவில்லை. மச்சினன் கடைசியில் பரிகாரத்துக்கு வழி விட்டான், அதுவும் தெய்வம் ஒப்பினால்தான் என்றான். எங்கள் பெரியவரோ அஞ்சாவது லெவல் பூசாரி, அவரிடம் சொல்லி ஆகாது. மலைமேல் இருக்கிற மூத்த பூசாரியைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

பதினோரு ஞாயிறு! மந்திர வாளைக் கோயில் வாசலில் வைத்தாயிற்று. நாலாவது லெவலில் புத்தகம் தருவது போர்க்குதிரை. மச்சினன் எனக்குத் தந்தது மயிலை நிறத்தில் ஒரு காங்கேயம் காளை. அது பின்னாலேயே வரும், ஆனால் தொட விடாது. எரிந்த ஊரில் தறி நட்டேன், கூரை வேய்ந்தேன். கால் ஊனமாகிப் பிழைத்த பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒரு சண்டைகூட இல்லாத ஞாயிறுகள், ஆனால் ஒருத்தரும் ஒரு வாரம் கூடத் தவறவில்லை. தீபாவளி நேரம், ஷிப்மெண்ட் நெருக்கடி, ராத்திரி ஷிப்ட் முடித்து கண் சிவந்து வந்த ஓவர்லாக் தம்பி கேட்ட முதல் கேள்வி, "மாஸ்டர், காளை பக்கத்துல வந்துச்சுங்களா?"

பதினோராவது ஞாயிறு மலைக்கோயில். மச்சினன் அதைச் சிவன்மலை மாதிரியே வைத்திருந்தான். காங்கேயம் பக்கத்தில் சிவன்மலை முருகன் பக்தர் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்லுவார், பூக் கேட்டு உத்தரவானால் அந்தப் பொருள் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் ஏறும், அடுத்த கனவுவரை அங்கேயே இருக்கும். கதையில் என் வாள் அப்படி ஒரு பெட்டி முன்னால் கிடந்தது. திரும்பக் கிடைக்குமா என்று தெய்வத்தைக் கேட்க வேண்டும். பகடையை உருட்டச் சொல்லுவான் என்று நினைத்தேன். அவன் பகடையைப் பைக்குள் போட்டான். வெள்ளைப் பட்டன் ஒன்று, சிவப்புப் பட்டன் ஒன்று, இரண்டையும் தனித்தனியாக லேபிள் பேப்பரில் மடித்துக் குலுக்கி வைத்தான். வெள்ளை வந்தால் உத்தரவு. வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த தன் மகளைக் கூப்பிட்டு, "ஒண்ணை எடு கண்ணு" என்றான்.

அவள் எதை எடுப்பது என்று ரொம்ப நேரம் யோசித்தாள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். எடுத்த பொட்டலத்தை அவளாலேயே பிரிக்க முடியவில்லை, அக்கா நகத்தால் கீறிக் கொடுத்தார்.

வெள்ளை.

மேஜை முழுக்க ஒரே கத்தல். மச்சினன் கையைத் தூக்கி அமர்த்திவிட்டு, "காளை தலையக் குனியுதுங்க மச்சான்" என்றான். நான் காளைமேல் ஏறவில்லை. பையனை இறக்கி உட்கார வைத்து, ஊனமான காலின் மேல் கையை வைத்தேன் என்று சொன்னேன். சொல்லும்போதே என் கை மேஜைமேல் போய்விட்டது.

"சுடுதுங்க மச்சான்" என்றான்.