பெயரும் பொருளும்: மலிவுத் திரைப்படங்கள் சில பற்றிய ஒரு நோக்கு

நூலொன்றுக்குப் பெயர் எவ்வெவ் வழிகளால் வந்தமையும் என்பதை நன்னூலார் தமது பாயிரத்தில் வகுத்துக் கூறியுள்ளார். முதனூலாலும், செய்தவனாலும், அளவாலும், மிகுதியாலும், பொருளாலும், செய்வித்தோனாலும், தன்மையாலும் பெயர் வரும். இவை எதுவுமின்றி இடுகுறியாகவும் வரும் என்பது அவர் கருத்து. விற்பவனால் வரும் பெயரைப் பற்றி அவர் ஒன்றும் கூறினாரல்லர். அவர் காலத்தில் அதற்குத் தேவை இருந்திராது. ஆனால், சினிமாவைப் பற்றிச் சிந்திப்போர் அப்பட்டியலில் விற்பவனையும் சேர்த்தேயாக வேண்டும். காரணப்பெயர் போலத் தோற்றமளித்து, உண்மையில் உள்ளே யாதொரு காரணமுமற்று, பார்ப்பவனின் சட்டைப்பையை மட்டுமே குறியாகக் கொண்டு சூட்டப்பட்ட பெயர்கள் அக்கலையின் வரலாற்றில் மிகப்பல.

'நான் ஒரு நடைப்பிணத்தோடு நடந்தேன்' என்ற அமெரிக்கப் படமொன்றை விடுதியறையிற் சேர்ந்து பார்க்கலாமென இக்கட்டுரையாளன் கூறியபோது நண்பர்கள் சிரித்தனர். சிரித்ததில் தவறில்லை, அப்பெயர் சிரிப்பதற்குரியதே. அறுபத்தொன்பது நிமிடங்களின் பின் ஒருவர் கேட்டார்: இப்படிப்பட்ட படத்துக்கு ஏன் இப்படிப்பட்ட பெயர்? அக்கேள்விக்கு அன்று தக்க விடை கூற முடியவில்லை.

ஆங்கிலத்தில் 'எக்ஸ்பிளொயிற்றேஷன்' படங்கள் என வழங்கப்படும் ஒரு தொகுதி உண்டு. இதனைச் 'சுரண்டற் படங்கள்' எனப் பெயர்க்குமிடத்து, அரசியற் பொருளாதாரம் பயின்றோர்க்கு வேறொரு பொருளே முதலில் மனத்தில் எழும். அமெரிக்கத் திரைப்பட வணிகத்தில் அச்சொல் முதலிற் குறித்தது வழமைக்கு மேற்பட்ட ஆரவார விளம்பரத்தையே. நட்சத்திர நடிகரோ பெருமூலதனமோ இல்லாத படமொன்றை விற்பதற்கு அதில் இருக்கின்ற, அல்லது இருப்பதாகச் சொல்லக்கூடிய, ஏதாவதொரு பரபரப்பைப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. 1934 இலிருந்து ஹொலிவூட்டின் பெருநிறுவனங்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஒழுக்கக் கோவையைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தின. அக்கோவை விலக்கியவற்றை விற்பதற்கென்றே சிறு வணிகர் கூட்டமொன்று ஊரூராகத் திரிந்தது. இவர்களுட் பெயர் பெற்றவர் குரோகர் பாப். 1945 இல் வெளிவந்த 'அம்மாவும் அப்பாவும்' என்ற அவரது படம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் காட்சிகளாகக் காட்டப்பட்டது. இடையிலே ஒருவர் மேடையேறிச் சுகாதாரம் பற்றி உரையாற்றுவார். பின்னர் அது பற்றிய நூல்கள் விற்பனையாகும். 1950களில் அமெரிக்கன் இன்ரநாஷனல் பிக்சர்ஸ் என்னும் நிறுவனம் இதிலும் ஒருபடி முன்சென்றது. அங்கு ஜேம்ஸ் நிக்கல்சன் முதலிற் பெயரைக் கண்டுபிடிப்பார். அதற்குச் சுவரொட்டி வரையப்படும். கதை அதன் பின்னரே எழுதப்படும். சரக்குக்கு முன் விலைச்சீட்டு பிறந்துவிட்டது.

பெயர் முதலிற் பிறந்தால் படம் கெட்டுவிடும் என்றே எண்ணத் தோன்றும். வால் லூட்டனின் வரலாறு அவ்வாறு எண்ணவிடாது தடுக்கின்றது.

1942 இல் ஆர்.கே.ஓ. நிறுவனம் பணமுடையில் இருந்தது. ஓர்சன் வெல்ஸின் 'சிற்றிசன் கேன்' (1941) அதற்குப் புகழைத் தந்ததேயன்றி இலாபத்தைத் தரவில்லை. யூனிவர்சல் நிறுவனம் பூதப் படங்களாற் பணம் திரட்டுவதைக் கண்ட ஆர்.கே.ஓ., தானும் அத்தகைய மலிவுப் படங்களை ஆக்குவதற்கு ஒரு சிறு பிரிவை அமைத்து, லூட்டனை அதற்குப் பொறுப்பாக்கியது. அவர் யால்ற்றாவிற் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா சென்றவர், நாவல்கள் எழுதியவர், தயாரிப்பாளர் செல்ஸ்னிக்கிடம் கதைப்பிரிவிற் பணியாற்றியவர். அவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள் மூன்று. செலவு 150,000 டொலருக்குள் அடங்கவேண்டும். நீளம் 75 நிமிடங்களை மீறலாகாது. பெயரை நிறுவனமே கொடுக்கும். அப்பெயரின் கீழே என்ன நிகழ்வது என்பது பெரும்பாலும் அவர் விருப்பத்துக்கே விடப்பட்டது.

முதலிற் கொடுக்கப்பட்ட பெயர் 'பூனை மனிதர்' (1942). லூட்டனும் நெறியாளர் ஜாக் ரூர்னரும் அதிலிருந்து ஆக்கியது, நியூயோர்க்கில் வாழும் சேர்பியப் பெண்ணொருத்தியின் அச்சத்தைப் பற்றிய கதை. காதலுணர்வு மேலிட்டால் தான் சிறுத்தையாக மாறிவிடுவேன் என அஞ்சி அவள் கணவனையே அணுகவிடாது வாழ்கிறாள். இரவிலே நீச்சற் குளத்தில் தனித்து நிற்கும் மற்றொரு பெண்ணை ஏதோ ஒன்று சூழ்ந்து வரும் காட்சி பெரிதும் பேசப்பட்டது. அங்கு நாம் காண்பவை சுவரில் ஆடும் நீரொளியும் நிழலுமே. செலவு செய்ய இயலாமையே அங்கு உத்தியாக மாறியது. படம் நன்றாக ஓடியது. ஆகவே அடுத்த பெயரும் வந்தது.

அதுவே மேற்கூறிய நடைப்பிணப் படம் (1943). ஒரு சஞ்சிகைக் கட்டுரையின் தலைப்பு அது. லூட்டன் அதனை வைத்துக்கொண்டு, சாளட் புரொன்ரேயின் 'ஜேன் அயர்' நாவலைக் கரீபியன் தீவொன்றுக்குக் கொண்டுசென்றார். கரும்புத் தோட்டத் துரையொருவனின் மனைவி நடக்கிறாள். ஆனால் பேசுவதில்லை, தன்னிச்சையாக எதையும் செய்வதில்லை. அவளைப் பராமரிக்கக் கனடாவிலிருந்து தாதி வருகிறாள். வந்திறங்கிய நாளிலேயே வண்டியோட்டும் கறுப்பின முதியவன், தன் முன்னோர் கப்பலின் அடித்தளத்தில் விலங்கிடப்பட்டுக் கொண்டுவரப்பட்டதைக் கூறுகிறான். எனினும் அழகானதோர் இடத்துக்கல்லவா வந்து சேர்ந்தனர் என்கிறாள் தாதி. நீங்கள் சொன்னாற் சரிதான் என்ற பாங்கில் அமைகிறது அவன் விடை. அவ்விடையின் பணிவு சுடுகின்றது. துரையின் முற்றத்திலே அம்புகள் துளைத்த புனிதர் சிலையொன்று நிற்கிறது. அது அவ்வடிமைக் கப்பலின் முன்முகப்பில் இருந்த உருவம். பிள்ளை பிறந்தால் அழுவதும் இறந்தால் மகிழ்வதும் இம்மக்கள் வழக்கம் என்று துரையே தாதிக்குச் சொல்கிறான். துரையின் தாய் மதபோதகர் ஒருவரின் விதவை. அவளே மறைவில் நின்று, உள்ளூர்த் தெய்வத்தின் குரலாகப் பேசி அம்மக்களை வழிநடத்துகிறாள் என்பதும் பின்னர் தெரியவருகிறது.

இப்போது பெயரை மீண்டும் நோக்குவோம். நடைப்பிணம் என்ற நம்பிக்கை ஹெயிற்றியின் அடிமை வாழ்விலிருந்து எழுந்தது. சாவும் விடுதலை தராது, செத்தபின்னும் வயலில் வேலை செய்யவேண்டும் என்பதே அதன் உட்கிடை. அந்நம்பிக்கையைப் பரபரப்புச் சரக்காக்கிய பெயரின் கீழே, அதன் வேரை வெளிக்கொணரும் படமொன்று அமைந்துவிட்டது. பொய்யாக இடப்பட்ட பெயர் காரணப்பெயராகிவிட்டது எனலாம். இதனாற் படம் குறையற்றது என்பதன்று. கறுப்பின மக்கள் இங்கும் ஓரத்திலேயே நிற்கின்றனர். கதையைச் சொல்லும் குரல் தாதியினுடையது. ஆயினும் தெருவிலே கலிப்சோப் பாடகன் துரை வீட்டு ஊழலை அவர்கள் காதுபடவே பாடும் காட்சிக்கு ஈடாக, அக்காலத்துப் பெருமூலதனப் படமெதிலும் நான் ஒன்றைக் கண்டதில்லை.

1944 இல் 'பூனை மனிதரின் சாபம்' என்றொரு பெயர் கொடுக்கப்பட்டது. முன்னைய வெற்றியின் தொடர்ச்சியை நிறுவனம் எதிர்பார்த்தது. லூட்டன் கொடுத்த படத்திற் சாபமுமில்லை, பூனை மனிதருமில்லை. ஏமி என்ற ஆறு வயதுச் சிறுமி, விளையாடத் தோழரின்றித் தனித்திருக்கிறாள். தந்தையின் இறந்துபோன முதல் மனைவி அவளுக்குத் தோழியாக வந்து தோன்றுகிறாள். அவள் ஆவியா, குழந்தையின் கற்பனையா என்பதைப் படம் தீர்த்து வைக்கவில்லை. தந்தையோ கற்பனையைக் கண்டே அஞ்சுகிறான். பொய் சொன்னதாக மகளைத் தண்டிக்கிறான். இறுதியில், தன்னைக் கொல்லக் கை நீட்டும் பெண்ணொருத்தியைத் தன் தோழியென எண்ணி ஏமி கட்டியணைக்கிறாள், அக்கை தளர்கிறது. படப்பிடிப்பு நாள்கணக்கை மீறியதால் முதல் நெறியாளர் ஃபொன் ஃபிரிட்ஷ் நீக்கப்பட, படத்தொகுப்பாளராயிருந்த றொபேட் வைஸ் முதன்முறையாக நெறியாள்கையை ஏற்றது இப்படத்தில்தான். 'ஏமியும் அவள் தோழியும்' எனப் பெயரை மாற்றும்படி லூட்டன் வேண்டினார். நிறுவனம் இணங்கவில்லை.

இம்மூன்றிலும் பெயர் முன்னே நின்றது. அது கலைஞன் செலுத்திய வாடகை. வாடகையைப் பெற்றுக்கொண்ட வீட்டுக்காரன் உள்ளே அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. படம் முடிந்தபின் பெயர் வந்தால் நிலைமை முற்றிலும் வேறாகின்றது. அப்போது பெயரோடு கத்தரிக்கோலும் வருகின்றது.

பிரான்சில் ஜோர்ஜ் ஃபிராஞ்சு ஆக்கிய 'முகமற்ற கண்கள்' (1960), அமெரிக்காவில் 1962 இல் 'டொக்டர் ஃபோஸ்ரஸின் பயங்கரக் கூடம்' ஆயிற்று. படத்தில் ஃபோஸ்ரஸ் என்று எவருமிலர்; மருத்துவரின் பெயர் ஜெனெசியே. இது நகைப்புக்குரியது, அவ்வளவே. பேர்க்மனுக்கு நேர்ந்தது அத்தகையதன்று. 'மொனிக்காவுடன் கோடைகாலம்' (1953) என்ற அவரது படத்தை அமெரிக்காவில் வாங்கியவர் மேலே கண்ட குரோகர் பாப். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேற்பட்ட படம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலமாக வெட்டப்பட்டது. வேறு இசை சேர்க்கப்பட்டது. 'மொனிக்கா: ஒரு கெட்ட பெண்ணின் கதை' எனப் பெயரும் இடப்பட்டது. மூலப்படத்தில், கணவனை விட்டு விலகும் வேளையில் மொனிக்கா சிகரெற்றைப் பற்றவைத்தபடி கமெராவை, அதாவது எம்மை, நேரே திரும்பிப் பார்க்கிறாள். பார்வை நெடுநேரம் நீடிக்கிறது. என்னைத் தீர்ப்பிட நீ யார் என்று அது கேட்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆனால், கெட்ட பெண் என்று நுழைவுச்சீட்டிலேயே தீர்ப்பு எழுதப்பட்டபின் அப்பார்வைக்கு என்ன வேலை? பெயர் இங்கு படத்தை விற்கவில்லை. படத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

இவ்வகையில் மிகக் கொடிய எடுத்துக்காட்டு பில் கன் என்ற கறுப்பினக் கலைஞரின் 'கஞ்சாவும் ஹெஸ்ஸும்' (1973). கஞ்சா என்பது ஈண்டு ஒரு பெண்ணின் பெயர்; எம்மவர் வேறு பொருள் கொள்ளவேண்டா. முந்திய ஆண்டில் 'பிளக்குலா' என்ற கறுப்பின இரத்தக்காட்டேரிப் படம் பணமீட்டியதைக் கண்ட தயாரிப்பாளர், அதுபோல் இன்னொன்றை விரும்பினர். கன் அப்பணத்தைக் கொண்டு ஆக்கியதோ, செல்வமும் கல்வியும் பெற்ற கறுப்பின மானிடவியலாளன் ஒருவனின் தாகத்தையும் தனிமையையும், அவனைச் சூழ்ந்த திருச்சபையின் பாடல்களையும் பற்றிய படம். இரத்தவேட்கை அங்கு போதைக்கு அடிமையாதலின் உருவகமாகிறது. ஹெஸ் சிலுவையின் நிழலிலே சாவைத் தானே தேடிக்கொள்கிறான். அவ்வாண்டு கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் அது காண்பிக்கப்பட்டது. நியூயோர்க்கில் வரவேற்புக் குன்றியதும் படம் மீளப்பெறப்பட்டு, வேறொரு விநியோகத்தரிடம் சென்று, அரை மணித்தியாலத்துக்கு மேல் வெட்டப்பட்டு, 'இரத்தத் தம்பதி' என்ற பெயரில் திரும்பியது. கன் அதிலிருந்து தம் பெயரை நீக்கிக்கொண்டார். வெள்ளை விமர்சகர் தமது படத்தை நோக்கிய முறையைக் கண்டித்து நியூயோர்க் ரைம்ஸ் இதழுக்குக் கடிதமும் எழுதினார். நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் முழுப்பிரதியொன்று எஞ்சியிருந்தமையாலேயே மூலப்படம் பிழைத்தது. கன் 1989 இற் காலமானார். மூலப்படம் பரவலாக மீண்டும் பார்க்கப்பட்டது அதன் பின்னரே.

இவ்விடத்திற் சந்தையின் கெட்டித்தனத்தைப் போற்றுவதாக இக்கட்டுரையை எவரும் கொள்ளலாகாது. லூட்டன் நல்ல படம் ஆக்கினார் என்பதால், வணிகக் கட்டுப்பாடு கலைக்கு உரமிடும் என்ற முடிவுக்குச் செல்வோர் உளர். அதே கட்டுப்பாட்டின் கீழ் ஆக்கப்பட்ட படங்களுட் பெரும்பாலானவை தம் பெயருக்கு முற்றிலும் தகுதியான குப்பைகளே என்பதை அவர் மறக்கின்றனர். குப்பையைக் குப்பையென்றே கொண்டாடும் அண்மைக்கால நாகரிகமும் எனக்கு உடன்பாடன்று. அது ஏளனத்தின் மறுபக்கம். இவ்விரு சாராரும் படத்தைப் பார்க்கவில்லை, பெயரையே பார்க்கின்றனர். எம்மிடையே பேர்க்மனை மரியாதையோடு பேசுவோர், லூட்டனைப் பெயர்ப்பட்டியலிலேயே தாண்டிச் செல்கின்றனர். அமெரிக்காவின் சிறுநகர்த் திரையரங்கொன்றில் 'கெட்ட பெண்'ணைக் காணச் சென்றவன் அன்று பேர்க்மனைத் தாண்டிச் சென்றதும் இவ்வாறுதான்.

ஏமாற்றப்பட்ட அப்பார்வையாளர்களையும் நினைக்கவேண்டியுள்ளது. 'கெட்ட பெண்'ணுக்குப் பணம் கொடுத்தவனுக்குக் கிடைத்தது கிழிந்த படம்; அவனிடமிருந்து திருடப்பட்டது அவன் அறியாத ஒன்று. பூனை மனிதரைக் காணவந்து ஏமியைக் கண்டவன் ஆத்திரமடைந்திருக்கலாம். ஆனால் அவன் கொடுத்த காசுக்கு ஒரு முழுப்படம் அவன்முன் ஓடியது. ஜேம்ஸ் ஏஜீ போன்ற விமர்சகர் அன்றே அதனை அடையாளம் கண்டு பாராட்டினர். லூட்டன் 1951 இல், நாற்பத்தாறாம் வயதில் இறந்தார். ஏமியின் கதையைத் தேடுபவர் இன்றும் 'பூனை மனிதரின் சாபம்' என்ற பெயரில், பூதப் படங்களின் வரிசையிலேதான் தேடவேண்டும்.